மரத்துக்கு இடம் விட்டவர்கள்

வீட்டுக்குப் புதிதாக ஒரு மரச்சாமான் வந்து இறங்கினால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி "தேக்கா?" என்பதுதான். ஆம் என்றால் அடுத்த கேள்வி விலையைப் பற்றியது. பெரியவர்கள் விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நாட்டுத் தேக்கா, நிலம்பூர் தேக்கா, அல்லது இப்போது மரவாடிகளில் குவிந்து கிடக்கும் கானா, ஈக்வடார் சரக்கா என்று ஒரு படி மேலே போவார்கள். அதோடு விசாரணை முடிந்துவிடும். மேற்பலகையை அடிச்சட்டத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறார்கள், இழுப்பறையின் மூலைகளை எப்படிக் கோத்திருக்கிறார்கள், பலகை அறுக்கப்பட்ட பின் எவ்வளவு காலம் காய்ந்தது என்றெல்லாம் கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாம் மரத்தை வாங்குகிறோம், வேலையை வாங்குவதில்லை என்ற எண்ணம் வெகுநாட்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமாக இருந்தது என் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை.

சென்னையில் பெரிய கடை ஒன்றில் வாங்கிய மேசை அது. ஆறு பேர் அமரலாம், மூன்றடி அகலம், மேற்பலகை ஒன்றேகால் அங்குலக் கனம். தேக்குதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் கோடையில் பகலிரவாகக் குளிர்சாதனம் ஓடும். வாங்கிய அடுத்த கோடையில் ஒருநாள் இரவு, எல்லோரும் படுத்த பிறகு, கூடத்தில் படீரென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் மேற்பலகை நீளவாக்கில் பாதிக்கும் மேல் பிளந்திருந்தது. கடைக்காரர்களிடம் சொன்னபோது, மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும், நீங்கள் ஏசி அறையில் வைத்ததுதான் தவறு என்று பதில் வந்தது. இந்தப் பதில் முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அதில் பாதி உண்மை இருந்ததுதான் தொல்லை. காற்று உலர்ந்தால் மரம் சுருங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் சுருங்கும் மரமெல்லாம் வெடிக்க வேண்டும் என்றால், சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நூறாண்டு கடந்தும் நிற்கும் பீரோக்களும் கட்டில்களும் எப்படி நிற்கின்றன? அந்தக் காலத்து மரம் அப்படி என்று அம்மா சொன்னார். அந்தக் காலத்துத் தேக்கும் தேக்குதானே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கவிழ்த்துப் போட்ட மேசை

அக்கா வீட்டுப் பகுதியில், பட்டறையை மகனிடம் விட்டுவிட்டுச் சில்லறை வேலைகளை மட்டும் செய்துவந்த வயதான ஆசாரி ஒருவர் இருந்தார். பிளவில் ஏதாவது அடைத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் அவரை அழைத்தோம். அவர் பிளவைப் பார்க்கவே இல்லை. மேசையைக் கவிழ்க்கச் சொன்னார். துணி விரித்து, நான்கு பேர் பிடித்துக் கவிழ்த்தோம். மேலே கண்ணாடியாக மின்னிய மேசையின் அடிப்பக்கம் மெருகே இல்லாத வெற்று மரமாக இருந்தது. நான்கு அடிச்சட்டங்களும் மேற்பலகையைத் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பசை வழிந்து காய்ந்திருந்தது. போதாதென்று, பலகை வளையாமல் இருக்கட்டும் என்று மூன்று குறுக்குச் சட்டங்களை வைத்து, அவற்றையும் பசையிட்டு, அரையடிக்கு ஒன்றாகத் திருகாணி இறுக்கியிருந்தார்கள். ஆசாரி பிளவின் மீது விரலை ஓட்டிக்கொண்டே போய், அது இரண்டு திருகாணி வரிசைகளுக்கு நடுவே ஓடுவதைக் காட்டினார். "மரம் வெடிக்கல தம்பி, வெடிக்க வச்சிருக்காங்க" என்றார்.

அன்று அவர் தரையில் உட்கார்ந்து சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெட்டுண்ட பிறகும் மரம் காற்றின் ஈரத்தோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: நுண்குழாய்களுக்குள் தேங்கி நிற்பது ஒன்று, அக்குழாய்களின் சுவர்களிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. உள்ளே தேங்கிய நீர் வற்றும்போது மரத்தின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவர்களில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இராது. நீளவாக்கில் அது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு சிறியது. அகலவாக்கில்தான் எல்லா வினையும். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கிலேயே சுருங்கும் அளவு, வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் சுருங்கும் அளவைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். தேக்கு இந்த விஷயத்தில் மிக அடக்கமான மரம். பச்சையிலிருந்து முழுக்க உலரும் வரை வளையப் போக்கில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், குறுக்கே 2.5 சதவீதமும்தான் அது சுருங்குகிறது. வெள்ளை ஓக் வளையப் போக்கில் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அடக்கமான மரம் என்றாலும் அசையாத மரம் அல்ல. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும் மழைக்காலத்தில் மரம் தன்னுள் 16 சதவீதம் வரை ஈரத்தை வைத்துக்கொள்ளும். குளிரூட்டி காற்றை 50 சதவீதத்துக்கு உலர்த்திய அறையில் அது மெல்ல மெல்ல 9 சதவீதத்தை நோக்கி இறங்கும். மூன்றடி அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினாலே, வளையப் போக்கில் அறுத்த பலகையாக இருந்தால், அகலத்தில் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் குறைந்துவிடும். மேலே அகலவாக்கில் சுருங்கும் பலகை, கீழே நீளவாக்கில் கொஞ்சமும் சுருங்காத குறுக்குச் சட்டம், இரண்டையும் பிரிய விடாத பசையும் திருகாணியும். கால் அங்குலத்தை எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆகவேண்டும்? பலகை தன் நடுவிலிருந்தே அதை எடுத்துக்கொண்டது. அடிப்பக்கத்தில் மெருகு இல்லாததால் அங்கே ஈரம் வேகமாக வெளியேறியதும் சேர்ந்துகொண்டது.

ஆசாரி செய்த வைத்தியம் எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. குறுக்குச் சட்டங்களைக் கழற்றி, பிளவின் போக்கிலேயே பலகையை முழுக்க அறுத்து, இரண்டு விளிம்புகளையும் இழைப்புளியால் நேராக்கி மறுபடி ஒட்டினார். நீளவாக்கு விளிம்போடு நீளவாக்கு விளிம்பை ஒட்டினால் அந்த ஒட்டு மரத்தைவிட உறுதியாக நிற்கும். அகலமான பலகைகள் எல்லாமே அப்படி ஒட்டியவைதான், அதில் குறை ஒன்றும் இல்லை. பிறகு அடிச்சட்டத்தின் உட்புறம் நெடுக ஒரு காடி, அதாவது ஒடுங்கிய நீளப் பள்ளம், வெட்டினார். விரல் நீள மரத்துண்டுகளைப் படி வைத்துச் செதுக்கி, அவற்றின் ஒரு முனை காடிக்குள் நுழைந்திருக்க, மறுமுனையை மட்டும் மேற்பலகையில் திருகினார். பலகை மேலே எழாது, ஆனால் அகலவாக்கில் காடிக்குள் நகர்ந்துகொள்ளும். குறுக்குச் சட்டங்களைத் திரும்பப் பூட்டும்போது நடுத் துளையைத் தவிர மற்றத் துளைகளை நீள்துளைகளாக்கி, அங்கே பசை வைக்கவில்லை. கடைசியில் அடிப்பக்கத்துக்கும் மெருகு கொடுத்தார். மேசை அதே கூடத்தில், அதே குளிர்சாதனத்துக்குக் கீழேதான் இருக்கிறது. மரம் மாறவில்லை.

ஆடினால் நல்லது

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பவர்களுக்கு அங்குள்ள பழம்பொருள் கடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாகம் பிரிந்து இடிபட்ட வீடுகளின் கதவுகளும் அலமாரிகளும் அங்கே சுவரோரம் சாத்திக் கிடக்கும். அப்படிச் சாத்தியிருந்த ஓர் அலமாரிக் கதவின் நடுப்பலகையை உள்ளங்கையால் அழுத்தியபோது அது மெல்ல ஆடியது. சட்டத்தின் ஓரத்தில் கூர்ந்து பார்த்தால், நடுப்பலகையின் விளிம்பில் மெருகு படாத வெளிறிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது, ஒரு நூல் தடிமன்கூட இராது. மெருகு போட்ட நாளில் அந்தக் கோடு சட்டத்தின் காடிக்குள் மறைந்திருந்திருக்கிறது. பிற்பாடு பலகை சுருங்கியபோது வெளியே வந்திருக்கிறது. பலகையை எங்கும் ஒட்டவில்லை. நான்கு பக்கமும் காடிக்குள் மிதக்க விட்டு, சுற்றியுள்ள சட்டங்களை மட்டுமே பூட்டியிருக்கிறார்கள். ஆடுகிறதே என்று விலையைக் குறைத்துக் கேட்ட ஒருவரிடம், ஆடுவதால்தான் உடையவில்லை என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அம்மா சொன்ன அந்தக் காலத்து மரம் என்பதிலும் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்த பர்மா தேக்கு, வெட்டுவதற்கு முன்பே பாதி பதப்பட்ட மரம். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் பர்மாக் காடுகளில் அடிமரத்தைச் சுற்றி, பட்டையோடு வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி, மரத்தை நின்ற நிலையிலேயே பட்டுப்போக விடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படி நின்று எடை குறைந்த பிறகே வெட்டி, யானைகளை வைத்து இழுத்து, ஐராவதியில் மிதக்க விட்டு ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கப்பலேறி நம் ஊர் வந்து, அறுபட்டு, வேலைக்கு எடுக்கப்படும் முன் அந்த மரம் தன் ஈரத்தைப் பெருமளவு கொடுத்து முடித்திருக்கும். இன்று தோட்டத்தில் இளம்வயதிலேயே வெட்டி, கொள்கலனில் ஏற்றி, இறக்கியதுமே அறுக்கப்படும் மரத்துக்கு அந்த அவகாசம் இல்லை. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்தியபின் பர்மா தேக்கு என்ற பெயர் கடைப் பலகைகளில் இருப்பதுபோல் மரவாடிகளில் இல்லை.

அவகாசத்தை ஈடுசெய்ய வழி இல்லாமல் இல்லை. அறுத்த பலகைகளை நிழலில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே சிறு மரச்சக்கை கொடுத்து, காற்றோடும்படி அடுக்கி, வெட்டுமுனைகளில் வண்ணமோ மெழுகோ பூசிவைப்பது பழைய முறை. முனைகள் வழியே ஈரம் மிக வேகமாக வெளியேறும். பூசாவிட்டால் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட உலர்கூடத்தில் வைத்துப் பதப்படுத்துவது இன்றைய முறை. இரண்டில் எதைச் செய்தாலும் சரி, சாமான் கடைசியில் எந்த ஊரில் நிற்கப்போகிறதோ அந்த ஊரின் ஈரத்துக்குப் பலகையைக் கொண்டுவருவதே நோக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்காகவே காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த வேலைக்கு மரம் எவ்வளவு ஈரத்தோடு இருக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. ஈரமானி ஒன்று வைத்திருக்கும் கடைக்காரரிடம் எனக்கு மரியாதை உண்டு. கேட்டவுடன் அதைப் பலகையில் குத்திக் காட்டுபவரிடம் அது கூடும்.

இளம் மரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதில் வைரம் என்னும் நடுமரம் குறைவு, வெள்ளை என்னும் வெளிமரம் அதிகம். தேக்கின் புகழெல்லாம் வைரத்துக்கு உரியது. கரையானும் வண்டும் விரும்பாத எண்ணெய்ச் சத்தும் வேதிப்பொருள்களும் வைரத்தில்தான் இருக்கின்றன. வெளிச்சுற்றில் உள்ள வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது. உளு விழுவது அங்கேதான். சாமானுக்கு அடியில் தினமும் மாவாகப் பொடி உதிர்ந்தால், வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். வெள்ளையின் மேல் சாயம் ஏற்றி வைரத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதால், முகப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். சாயம் எட்டாத பின்பக்கத்தையும் இழுப்பறையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். முழுமரமா, மேலே மெல்லிய தேக்குத் தகடு ஒட்டியதா என்ற சந்தேகத்தையும் அதே பார்வையில் தீர்த்துக்கொள்ளலாம். பலகையின் முகத்தில் ஓடும் கோடுகள் வெட்டுமுனையில் வளையங்களாகத் தொடர்ந்தால் அது முழுமரம்.

நாக்கும் துளையும் பசையும்

வெட்டுமுனையில் பசை நிற்காது. மரம் என்பது நாணல் கற்றையைப்போல் நுண்குழாய்களின் கட்டு. கற்றையின் வாயில் தடவிய பசையைக் குழாய்கள் உறிஞ்சிக்கொள்ளும், பிடிக்க மேற்பரப்பு இராது. ஆகவேதான் ஒரு சட்டத்தின் முனையை இன்னொன்றின் பக்கவாட்டில் சேர்க்கும்போது, முனையை நாக்காகச் செதுக்கி, மற்றதில் குடைந்த துளைக்குள் செருகுகிறார்கள். அப்போது நாக்கின் இரு பக்கங்களும் துளையின் சுவர்களோடு நீளவாக்கில் ஒட்டிக்கொள்ளப் பரப்பு கிடைக்கிறது. குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இறக்கினால் பசை தளர்ந்தாலும் மூட்டு பிரியாது. இந்த வேலையின் தரம் முழுவதும் நாக்கின் பொருத்தத்தில் இருக்கிறது. கையால் அழுத்தினால் நுழைய வேண்டும், கவிழ்த்தால் விழக் கூடாது. கொட்டாப்புளியால் அடித்துத்தான் ஏற்ற முடியும் என்றால் துளையின் சுவர் பிளக்கும். தானாக விழுந்தால் பசை இடைவெளியை நிரப்பும் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும், அது பசையின் வேலையே அல்ல. இழுப்பறையின் முன்மூலையில் புறாவால் வடிவப் பற்கள் கோப்பதும் இதே காரணத்துக்குத்தான். நாம் இழுக்கும் ஒவ்வொரு முறையும் முன்பலகை பிய்ந்து வரப் பார்க்கும். முன்னே விரியும் பற்கள் இருந்தால் பசையே இல்லாவிட்டாலும் அது வராது.

பெவிகால் 1959இல் வந்தது. அதற்கு முன் நம் பட்டறைகளில் வச்சிரம்தான். மாட்டுத்தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிச் சூட்டோடு தடவ வேண்டும். நாற்றமும் உண்டு, ஈரம் பட்டால் இளகும் பலவீனமும் உண்டு. அந்தப் பலவீனம்தான் அதன் பலமும் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. ஒரு நாற்காலி அதன் வாழ்நாளில் எப்படியும் சில முறை தளரும். சாய்ந்து உட்காருபவர்களின் எடை முழுவதும் பின்கால் மூட்டில் இறங்குவதால் அதற்குத் தப்ப வழியில்லை. வச்சிரம் போட்ட மூட்டைச் சூடும் ஈரமும் காட்டி, மரம் சேதமாகாமல் பிரித்து, பழைய பசையின் மேலேயே புதியதைத் தடவிப் பூட்டிவிடலாம். வெள்ளைப் பசை உறுதியில் குறைந்ததல்ல, அன்றாட வேலைக்கு நானும் அதைத்தான் போடச் சொல்வேன். ஆனால் காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுப்பசை ஒழுங்காகப் பிடிக்காது. பழையதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, மரத்தைத் தொட்ட பிறகே மறுபடி ஒட்ட வேண்டும். சுரண்டச் சுரண்ட நாக்கு மெலிந்துகொண்டே போகும்.

மழை நாளில் மெருகு போடாதவர்

இப்போது மெருகு. இதைப் பற்றிப் பேசினால் நான் கொஞ்சம் நீட்டிவிடுவேன், வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரக்கு மெருகு போடுபவர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்திருக்கிறேன். முதல் பாதியில் மெருகே கிடையாது, உப்புத்தாள் மட்டும்தான். 80ஆம் எண்ணில் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாக, எப்போதும் நாரின் போக்கிலேயே தேய்த்தார். குறுக்கே ஒருமுறை தேய்த்தாலும் அந்தக் கீறல் இப்போது தெரியாது, மெருகு ஏறியதும் பளிச்சென்று தெரியும் என்றார். நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டார். தடவிப் பார்த்தபோது வழவழப்பாக இருந்த பலகை மீண்டும் சொரசொரத்தது. படுத்திருந்த நார்கள் ஈரம் பட்டு எழுந்துகொண்டன, இவற்றை இப்போதே தேய்த்து எடுத்துவிட்டால் மெருகு போடும்போது எழாது. தேக்கின் நுண்துளைகள் பெரியவை என்பதால், நிறம் கலந்த சுண்ணப்பொடியில் மக்குக் குழைத்து அவற்றை அடைத்து மறுபடி தேய்த்தார்.

முந்தின இரவே ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட அரக்குத் தகடுகள் தேன் நிறத்தில் கரைந்திருந்தன. பஞ்சை உள்ளே வைத்து வெளுத்த பருத்தித் துணியில் கட்டிய சிறு பொட்டலம் ஒன்றே கருவி. அதைக் கரைசலில் நனைத்து, புறங்கையில் தட்டிப் பார்த்து, முகப்பில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு, பலகையின் ஓரத்திலிருந்து வழுக்கியபடி உள்ளே நுழைந்து வட்டம் வட்டமாகப் போய், கையை எங்கும் நிறுத்தாமலே மறு ஓரத்தில் வெளியேறினார். பலகையின் மேல் ஒரு நொடி நின்றாலும் பொட்டலம் அடியிலுள்ள இளகிய படலத்தைப் பிய்த்துவிடும். அப்படி ஒரு சுற்று, காய்தல், மறு சுற்று. ஒவ்வொரு சுற்றும் தாளைவிட மெல்லியது. புதிய படலம் பழையதைச் சற்றே கரைத்துக்கொண்டு அதனோடு ஒன்றாகிவிடுவதால், எத்தனை சுற்று போட்டாலும் கடைசியில் இருப்பது ஒரே படலம்தான்.

மறுநாள் காலை தூறல். அவர் வந்தார், வானத்தைப் பார்த்தார், போய்விட்டார். சோம்பல் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனால் அவர் செய்தது சரி. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படலத்துக்குள்ளேயே படிந்து, மெருகு பால் பாய்ந்ததாக வெளுத்துவிடும். பலகைக்குக் கேடு இல்லை. ஆனால் அதைச் சரிசெய்யும் வேலை கூடுதல்.

இன்று பெரும்பாலான இடங்களில் மெலமைனோ பி.யு. எனப்படும் பாலியூரிதேனோ தெளிப்பானில் அடித்து விரைவில் முடித்துவிடுகிறார்கள். பழைய முறைதான் உயர்ந்தது என்று வாதாட நான் வரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு பி.யு. தான் சரி. அரக்கு சூட்டுக்கு இளகும், தண்ணீர் தேங்கினால் வெளுக்கும், ஸ்பிரிட் பட்டால் கரையும். நம் வீட்டுச் சாம்பார்ப் பாத்திரத்தை அது தாங்காது. ஆனால் புத்தக அலமாரிக்கும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அந்தக் கவசம் எதற்கு? அரக்கில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி கரைத்துச் சேர்த்துவிடலாம். பி.யு. படலத்தில் கீறல் விழுந்தால் முழுப் பலகையையும் சுரண்ட வேண்டிவரும். எந்த மெருகானாலும் அது ஈரத்தை முழுதாகத் தடுத்துவிடாது, போக்குவரத்தை மெதுவாக்கும், அவ்வளவுதான். மேலே பத்துச் சுற்று மெருகு போட்டுவிட்டு அடியை வெறுமனே விட்டால் என்ன ஆகும் என்பதை அக்காவின் மேசை காட்டிவிட்டது.

பராமரிப்பு என்ற பெயரில்

பராமரிப்பில் நாம் செய்வது பெரும்பாலும் தேவைக்கு அதிகம். பண்டிகைக்கு முன்பு மரச்சாமானுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்றைக்கு மின்னும். ஆனால் தேங்காய் எண்ணெய் காய்கிற வகை அல்ல; பிசுபிசுத்தபடியே இருந்து தூசியைப் பிடித்துவைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிப் படலமாகும் வகை, ஆகவே மெருகில்லாத மரத்துக்கு அது பொருந்தும். ஒரே எச்சரிக்கை: அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இறுகும்போது வெளிவரும் சூடு சுருட்டலுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

மற்றபடி உலர்ந்த மெல்லிய துணி போதும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு கையகலம் விட்டு வைக்க வேண்டும். நேர்வெயில் படும் இடமும், குளிர்சாதனக் காற்று நேராக வீசும் இடமும் ஆகாது. அரக்கு மெருகின் மேல் தம்ளர் வைத்து வெள்ளை வளையம் விழுந்தால் சில நாட்கள் காத்திருந்து பார்க்கலாம், ஈரம் வெளியேறி வளையம் தானாகவே மங்குவதும் உண்டு.

மழைக்காலத்தில் இழுப்பறை சிக்கிக்கொண்டால் உடனே ஆளை அழைத்து இழைக்கச் சொல்வதுதான் நாம் செய்வதில் மிகப் பெரிய கெடுதல். ஐப்பசியில் உப்பியிருக்கும்போது சரியாக ஓடும்படி இழைத்த இழுப்பறை, பங்குனியில் பக்கத்துக்குப் பக்கம் இடித்துக்கொள்ளும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. அப்போதைக்கு ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, தை பிறக்கும் வரை பொறுத்துப் பார்த்த பிறகும் சிக்கினால் இழைக்கலாம்.

சென்ற ஆண்டு ஒரு புத்தக அலமாரிக்காக அந்த ஆசாரியின் மகனுடைய பட்டறைக்குப் போனேன். முழுக்கத் தேக்கிலேயே செய்துவிடலாம் என்று நான் தொடங்கியதும் அவர் இடைமறித்தார். பின்பலகைக்குத் தேக்கு வேண்டாம், நல்ல ப்ளைவுட் போடுவோம் என்றார். அடுத்தடுத்த தகடுகளின் நாரைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியிருப்பதால் அது ஈரத்துக்கு அசையாது, நான்கு பக்கமும் தாராளமாக ஒட்டலாம், அலமாரி கோணாமல் நிற்க அதுவே கைகொடுக்கும் என்பது அவருடைய கணக்கு. முழுமரம் மட்டுமே மரம் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு அவர் எழுதித் தந்த மதிப்பீட்டில் மரத்தின் தொகை குறைந்திருந்தது. கூலி குறையவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை.